ஐயமும் தெளிவும்: முழுதும் அறியாததைத் தேடும் ராடார்

பாலிக் புலாவில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மொழி வளர்க்கும் அவையில் ராடாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். ராடார் செய்கின்ற வேலை ஒன்றே ஒன்றுதான்: தெளிவில்லாத சான்றைக் கொண்டு 'உண்டு' அல்லது 'இல்லை' என்று முடிவு கூறுவது. அவ்வாறு முடிவு கூறும்போது அறிவு எங்கெங்கே வழுவும் என்பதைத் தமிழ் மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து பெயரிட்டு வைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பொருள் நமக்கு அயலானதன்று.

இடத்தாலும் அது அயலானதன்று. பாலிக் புலாவிலிருந்து வடக்கே நோக்கினால் பினாங்குத் தீவின் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் உயரமான முகடு வெஸ்டர்ன் ஹில். கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர். அங்கே அரச மலேசிய விமானப்படையின் ராடார் நிலையம் அமைந்திருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும் ராடாருக்குக் கடலின் தொடுவானம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானமாயின், புவியின் வளைவு அதனை மறைக்கும் எல்லை 530 கிலோமீட்டர் அளவுக்கு விரியும். மலாக்கா நீரிணையைக் காவல்காக்க ஏற்ற மேடை அது.

எதிரொலியின் எளிமையும் அருமையும்

ராடாருக்குத் தமிழில் கதிரலைக் கும்பா என்றும் கதுவீ என்றும் பெயர் ஆக்கியிருக்கிறார்கள். வழக்கில் நன்கு ஊன்றிவிட்ட 'ராடார்' என்னும் சொல்லையே நான் கையாள்கிறேன். ஒரு வானலைத் துடிப்பை அனுப்பி, அது எதன்மீதாவது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பதே அதன் அடிப்படை. வானலை நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கெடாவின் குனோங் ஜெராய் மலை வெஸ்டர்ன் ஹில்லிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கே போய்த் திரும்ப அலைக்கு வேண்டிய நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு.

கணக்கு எளிது, கேட்பதுதான் அரிது. தொலைவு இரு மடங்கானால் திரும்பி வரும் ஆற்றல் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. போகும்போதும் அலை பரந்து மெலிகிறது. திரும்பும்போதும் பரந்து மெலிகிறது. இவ்வாறு நலிந்து வரும் எதிரொலி, கருவிக்குள்ளேயே எழும் வெப்ப இரைச்சலோடு கலக்கிறது. அதனோடு மலை, கடல் அலை, மழை ஆகியவற்றின் வீண் எதிரொலிகளும் சேர்கின்றன. ஜெராய் மலை அசையாது. ஆதலால் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்த்து அதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் தென்மேற்குப் பருவத்தின் விடியற்பொழுதுகளில் நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' எனப்படும் சூறைமழை அசைகிறது, உருமாறுகிறது, நேற்றிருந்ததுபோல் இன்று இருப்பதில்லை. இத்தகைய சூழலில்தான் 'அங்கே ஒரு விமானம் உண்டா?' என்னும் வினாவுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது.

இருவகைப் பிழைகள்

மணிமேகலைக் காப்பியத்தில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அளவைகள் பேசப்படுகின்றன. அவற்றை ஒட்டி, அளவை போலத் தோன்றி வழுவுகின்ற எட்டு நிலைகளும் பேசப்படுகின்றன. அவற்றுள் மூன்று இங்கே நமக்கு வேண்டும். தொலைவில் தெரிவது கட்டுத்தறியோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமல் தறியையே மனிதன் என்று கொள்வது தேராது தெளிதல். கொடிய புலி அருகிலிருப்பதற்கான அறிகுறிகளைக் கண்டும் அதனை உணராதிருப்பது கண்டுணராமை.

ராடார்ப் பொறியியலின் அடிப்படைச் சொற்கள் இவைதாம். இல்லாத விமானத்தை உண்டென்று கூறுவது பொய் அறிவிப்பு. அது தேராது தெளிதல். உள்ள விமானத்தை இல்லையென்று விடுவது தவறவிடல், அது கண்டுணராமை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். இவ்விரண்டையும் எப்படிச் சமன்செய்வது என்பதற்கு ஜெர்சி நெய்மனும் ஈகோன் பியர்சனும் 1933ஆம் ஆண்டில் ஒரு கணித நெறியை வகுத்தனர். பொய் அறிவிப்புக்கு ஓர் உச்சவரம்பை முதலில் குறித்துக்கொள். அந்த எல்லைக்குள் கண்டறியும் வாய்ப்பை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்து என்பதே அந்நெறி.

பொய் அறிவிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஒரு சுழற்சியில் ராடார் 20 இலட்சம் சிறு கட்டங்களைச் சோதிக்கிறது என்று கொள்வோம். ஒரு கட்டத்தில் பிழை நேரும் வாய்ப்புப் பத்து இலட்சத்தில் ஒன்றே என்றாலும், சுழற்சிக்கு இரண்டு பொய்ப் புள்ளிகள் தோன்றும். பத்து நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் மணிக்கு 720 பொய்ப் புள்ளிகள். 'புலி வருது, புலி வருது' என்று கூவிய சிறுவனின் கதையை அறிந்தவர்கள் நாம். ஓயாமல் கூவும் கருவியை மனிதர் நம்ப மாட்டார்கள்.

அறியாமையின் விலை

ஒரு வரம்பைக் குறித்து, அதற்கு மேற்பட்ட எதிரொலியை மட்டும் 'உண்டு' எனக் கொள்ளலாம். ஆனால் அந்த வரம்பை எங்கே வைப்பது? இரைச்சலின் அளவு முன்கூட்டியே தெரிந்தால் விடை எளிது. வழக்கமான ஒரு கணித மாதிரியில், பொய் அறிவிப்பைப் பத்து இலட்சத்தில் ஒன்றாக நிறுத்த, இரைச்சலின் சராசரியைப்போல் 13.8 மடங்கில் வரம்பை வைத்தால் போதும்.

உண்மையில் அந்தச் சராசரி நமக்குத் தெரிவதில்லை. மழை வரும், போகும். ஆகவே சோதிக்கும் கட்டத்தைச் சுற்றியுள்ள கட்டங்களைப் பார்த்து, அவற்றின் சராசரியைக் கொண்டு வரம்பை அந்தந்த இடத்திலேயே கணிக்க வேண்டும். இதுவே தகவமைவுக் கண்டறிதலின் முதற்படி. ஃபின், ஜான்சன் ஆகிய இருவரும் 1968இல் இம்முறையை வெளியிட்டனர். சந்தையில் உரக்கப் பேசுகிறோம். நூலகத்தில் மெல்லப் பேசுகிறோம். சூழலின் ஓசையைக் கேட்டு நம் குரலின் அளவைத் தேர்கிறோம். கருவியும் அதையே செய்கிறது.

ஆனால் மதிப்பீடு என்பது அறிவன்று. 32 அண்டைக் கட்டங்களைக் கொண்டு மதிப்பிட்டால் வரம்பை 13.8இலிருந்து 17.3 மடங்காக உயர்த்த வேண்டும். 16 கட்டங்கள் என்றால் 21.9 மடங்கு. எட்டே கட்டங்கள் என்றால் 37 மடங்கு. மாணவர்கள் இந்த நான்கு எண்களையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோமோ அவ்வளவு வலிமையான சான்றைக் கேட்டால்தான் பிழையின் அளவு கட்டுக்குள் நிற்கும். அறியாமைக்கு விலை உண்டு. அதனைக் கணக்கிட்டும் கூற முடியும் என்பதே இத்துறையின் பெருமை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அண்டைக் கட்டங்கள் ஒத்த இயல்புடையவை என்று நாம் நம்புகிறோம். பாலிக் புலாவின் நில அமைப்பையே பாருங்கள். மலைச்சரிவு, அதன் கீழே தோட்டங்கள், வயல்வெளி, கடற்கரை, பின் கடல். கரையோரக் கட்டம் ஒன்றைச் சோதிக்கும்போது அதன் அண்டைகளில் பாதி நிலம், பாதி நீர். இரண்டையும் கலந்து எடுத்த சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. அண்டைக் கட்டத்தில் மற்றொரு விமானம் இருந்தாலோ, அதன் வலிய எதிரொலி சராசரியை ஏற்றி, மெலிந்த விமானத்தை மறைத்துவிடும். இதற்கு ஹெர்மன் ரோலிங் 1983இல் ஒரு வழி கூறினார். சராசரி எடுக்காமல், அண்டை அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, குறித்த ஓர் இடத்தில் நிற்பதை எடுத்துக்கொள்வது. பதினாறில் பன்னிரண்டாவதை எடுத்தால், மிகப் பெரிய ஓரிரண்டு அளவுகள் எவ்வளவு ஓங்கினாலும் முடிவைக் குலைப்பதில்லை.

பல செவிகளும் இரு இந்திய மேதைகளும்

இக்கால ராடார்கள் ஒரு செவியால் கேட்பதில்லை. பல அலைவாங்கிகளாலும் பல துடிப்புகளாலும் கேட்கின்றன. அப்போது இரைச்சலின் அளவு மட்டும் போதாது. ஓர் அலைவாங்கியின் இரைச்சல் மற்றொன்றின் இரைச்சலோடு எவ்வாறு இணைந்து ஏறி இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த உறவுகளை அடக்கிய எண் அட்டவணையை உடன்மாறுபாட்டு அணி என்கிறோம்.

அத்தகைய அணியின் நேர்மாறைக் கொண்டு தொலைவை அளக்கும் முறையை 1936ஆம் ஆண்டில் வடித்துத் தந்தவர் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ். மக்களினங்களின் உடலளவுகளை ஒப்பிட எழுந்த அந்தச் சிந்தனை, இன்று ராடார்க் கணிப்பின் நடுவில் நிற்கிறது. அவருடைய மாணவர் சி. ஆர். ராவ் 1948இல் வெளியிட்ட சோதனை முறை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2007இல், இத்தாலிய அறிஞர் அன்டோனியோ டி மாயோவின் கையில் தகவமைவு ராடாருக்கான கண்டறி முறையாக மறுபிறவி எடுத்தது. உடனடிப் பயன் தெரியாத அடிப்படைக் கல்வியை இகழ்வோர்க்கு இதுவே தக்க விடை.

அணியையும் மாதிரிகளிலிருந்தே மதிப்பிட வேண்டும். ரீட், மாலெட், பிரென்னன் ஆகிய மூவரும் 1974இல் ஒரு நெறியைக் கண்டனர். செவிகளின் எண்ணிக்கையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மாதிரிகள் இருந்தால், சராசரி இழப்பு பாதியளவில் நிற்கும். 16 செவிகளுக்கு ஏறத்தாழ 32 மாதிரிகள். 1986இல் கெல்லி வகுத்த சோதனை இன்னொரு படி மேலே சென்றது. இரைச்சலின் உண்மை அணி எதுவாயினும், பொய் அறிவிப்பின் வாய்ப்பு மாறாமல் நிற்கும்படி அது அமைந்தது.

தேடுவதே தெரியாதபோது

இதுவரை இரைச்சலைப் பற்றிய அறியாமையைப் பேசினோம். இனி நுட்பமான அறியாமைக்கு வருகிறேன். நாம் தேடும் சமிக்ஞையையே நாம் சரியாக அறியாவிட்டால்?

தேடும் எதிரொலி இன்ன வடிவினது என்று ஒரு வார்ப்பை வைத்துக்கொண்டு, வருவதை அதனோடு ஒப்பிடுகிறோம். விமானம் நாம் எண்ணிய திசையிலிருந்து சற்று விலகியிருக்கலாம். எண்ணிய வேகத்தில் செல்லாதிருக்கலாம். அலைவாங்கிகளே சற்று நிலைபிறழ்ந்திருக்கலாம். வார்ப்புக்கும் உண்மைக்கும் இடைப்பட்ட கோணம் 10 பாகை என்றால் 97 விழுக்காட்டு ஆற்றல் கைக்கு வரும், கவலையில்லை. 45 பாகை என்றால் பாதி. 60 பாகை என்றால் கால்பங்குதான்.

தகவமைவுக் கருவியில் நிலைமை இதனினும் மோசமாகலாம். இலக்கின் எதிரொலியில் ஒரு பகுதி, இரைச்சலை மதிப்பிட எடுத்த மாதிரிகளுக்குள் கசிந்துவிட்டால், கருவி அதனையும் இரைச்சல் என்று கற்றுக்கொள்கிறது. பிறகு தான் தேடும் பொருளையே கருத்தூன்றி அடக்குகிறது. கூர்மையாகக் கற்கும் கருவி தவறான பாடத்தையும் கூர்மையாகவே கற்கும்.

இதற்கு மூவகை மருந்துகள் உண்டு. முதலாவது, மதிப்பிட்ட அணியோடு செயற்கையாகச் சிறிதளவு இரைச்சலைச் சேர்த்தல். தன் மதிப்பீட்டை அளவுகடந்து நம்பாதே என்று கருவிக்குச் சொல்லும் முறை அது. இரண்டாவது, ஒரே வார்ப்புக்குப் பதிலாக வார்ப்புகளின் ஒரு குடும்பத்தையே ஏற்றல். லூயி ஷார்ஃப், பெஞ்சமின் ஃப்ரீட்லாண்டர் ஆகியோர் 1994இல் இவ்வழியைச் செம்மைப்படுத்தினர். மூன்றாவது, தேவைக்கேற்பச் சோதனையையே தேர்தல். 1992இல் வெளிவந்த தகவமைவு இயைவு வடிப்பி, வார்ப்பிலிருந்து விலகிய இலக்கையும் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். கெல்லியின் சோதனை அத்தனை பொறுக்காது. ராவின் வழிவந்த சோதனை அதனினும் கண்டிப்பானது.

எது சிறந்தது? இவ்வினாவுக்குப் பொதுவான விடை கிடையாது. வேறு திசையிலிருந்து வரும் குறுக்கீட்டை இலக்கென்று ஏமாறக்கூடாது என்றால் கண்டிப்பு வேண்டும். காணாமற்போன ஒன்றைத் தேடுகிறோம், அதன் நிலை நமக்குச் சரியாகத் தெரியாது என்றால் பொறுமை வேண்டும். ஆனால் குடும்பத்தை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு இரைச்சலும் உள்ளே நுழையும். வரம்பை மேலும் உயர்த்த வேண்டிவரும். எதையும் ஏற்பவன் எதையும் கண்டறியான்.

நீரிணைமேல் ஒரு புள்ளி

இவையெல்லாம் வெறும் கணிதமல்ல என்பதை இந்நாட்டார்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2014 மார்ச் 8ஆம் நாள் அதிகாலை 12.42க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச்.370 விமானத்தில் 239 பேர் இருந்தனர். 1.19க்கு விமானத்திலிருந்து கடைசிக் குரல் கேட்டது. 1.21க்கு இகாரி என்னும் வழிப்புள்ளி அருகே அது கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து மறைந்தது.

மறைந்தது இரண்டாம்நிலை ராடாரின் திரையிலிருந்து. அவ்வகை ராடார் வினவும். விமானத்திலுள்ள மறுமொழிக் கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் சொல்லும். மறுமொழி நின்றதும் எஞ்சியது முதல்நிலை ராடாரின் வெற்று எதிரொலி மட்டுமே. பெயரில்லை, உயரம் பற்றி உறுதியில்லை. குடிசார் ராடார்ப் பதிவுகளில் அது விட்டுவிட்டுத் தோன்றியது. தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, இந்தத் தீவின் தெற்கே வளைந்து, நீரிணைமேல் வடமேற்காகச் சென்ற தடம், படைத்துறை ராடார்ப் பதிவுகளைப் பின்னர் மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. மேக்கார் என்னும் வழிப்புள்ளியைக் கடந்து பத்துக் கடல் மைல் தொலைவில், 2.22க்கு அதுவும் அற்றுப்போனது.

அரசு பின்னர் வெளியிட்ட அறிக்கை ஒரு செய்தியைக் கூறுகிறது. படைத்துறை ராடாரில் தோன்றிய அந்தப் புள்ளி நட்பு விமானம் என்று வகைப்படுத்தப்பட்டது. ஆதலால் அப்போது மேல்நடவடிக்கை எடுக்கப்படவில்லை. யார்மீதும் பழி சுமத்துவது என் நோக்கமன்று. இதிலுள்ள பாடத்தையே நான் சுட்ட விரும்புகிறேன். கருவி அப்புள்ளியைக் கண்டறிந்தது. பகையா, நட்பா என்னும் வினாவுக்கு அளித்த விடையும் பொய்யன்று. அது நட்பு விமானமே. 'நம்முடையது, ஆனால் இயல்பு நிலையில் இல்லை' என்னும் மூன்றாம் விடைக்கு இடமில்லாமல் போயிற்று என்பதே என் கருத்து. வார்ப்புகளின் குடும்பத்தில் ஒரு வார்ப்புக் குறைவு. கண்டுணராமை என்று நம் முன்னோர் பெயரிட்டது கண்ணின் குறையையன்று, கண்ட பின் நேரும் குறையை.

அதன் விளைவு சிறிதன்று. ஏறத்தாழ ஒரு வாரம் தென்சீனக் கடலிலும் தேடல் நடந்தது. மார்ச் 15ஆம் நாள்தான் அங்கே நிறுத்தப்பட்டது. பிறகு, செயற்கைக்கோளோடு விமானம் பரிமாறிய சில குறுஞ்சமிக்ஞைகளின் காலத் தாமதத்தையும் அதிர்வெண் மாற்றத்தையும் கொண்டு, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஒரு நீண்ட வில்கோட்டைக் கணித்தனர். இருப்பிடம் அறிவிப்பதற்காக அமைந்த சமிக்ஞைகள் அல்ல அவை. தொலைவைச் சொல்லின, எந்த இடம் என்று சொல்லவில்லை. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் விமானத்தின் இறக்கைப் பகுதியொன்று கரையொதுங்கியது. 1,20,000 சதுரக் கிலோமீட்டர் கடலடியைத் தேடிய பணி 2017 ஜனவரியில் பயனின்றி நிறுத்தப்பட்டது. பெருங்கடல்களின் மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் நிறுவனங்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 239 பேரின் குடும்பங்களுடைய துயரத்துக்கு அது ஈடாகாது. எனினும் அது ஒரு பாடத்தின் பயன்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களே, நம் தேர்வுத்தாள்களில் தரவுகள் எப்போதும் நிறைவாகவே தரப்படுகின்றன. வேண்டியது அனைத்தும் உண்டு, வேண்டாதது ஒன்றுமில்லை. உலகம் அவ்வாறு வினா கேட்பதில்லை. ஆகவே சில வேளைகளிலேனும் ஒரு தரவை மறைத்துவிட்டு, 'இப்போது எவ்வளவு உறுதியாகச் சொல்வாய்? இன்னும் எதை அறிந்தால் உறுதி கூடும்?' என்று கேட்க வேண்டுகிறேன். 'தெரியாது' என்னும் விடைக்கு மதிப்பெண் இல்லாமலிருக்கலாம். ஆனால் 'இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது' என்னும் விடை அறிவியலின் விடை.

மாணவச் செல்வங்களே, 13.8ஐ 21.9 ஆக்கிய அந்தக் கணக்கை வீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். பத்து இலட்சத்தின் பதினாறாம் படிமூலத்தைக் காணுங்கள். அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மீதியைப் பதினாறால் பெருக்குங்கள். கைக்கணிப்பானில் ஒரு நிமிட வேலை. அறியாமையை அளந்து பார்த்த மனநிறைவு அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்குக் கிட்டும்.

மொழி அன்பர்களுக்கு ஒரு சொல். ஐயம், திரிபு, தேராது தெளிதல், கண்டுணராமை என்னும் சொற்களைப் பழந்தமிழ் நூலுக்குரிய அருஞ்சொற்களாக மட்டும் வைத்துப் போற்றினால் போதாது. பொறியியல் வகுப்பிலும் அவை வேலை செய்யக் கூடியவை. புதிதாகச் சொல்லாக்குவது ஒரு தொண்டு. இருக்கும் சொல்லுக்குப் புதிய பணி தருவதும் அதனின் தாழ்ந்த தொண்டன்று.